கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா? முதல்ல எஸ்எம்பிஎஸ் லேபிள பாருங்க

தை மாசம் சம்பா அறுப்பு முடிஞ்சு, கொள்முதல் நிலையத்துல நெல்ல போட்டு, பணம் அக்கவுண்ட்ல ஏறினதும் எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். சித்தி பையன், அத்தை பையன், பக்கத்து தெரு தம்பி, அவனோட காலேஜ் ஃப்ரெண்டுன்னு ஆள் மாறும், கேள்வி மட்டும் ஒண்ணுதான், "அண்ணே 20,000 ரூபா இருக்கு, கேம் ஆட எந்த கார்டு வாங்கலாம்?" நான் கார்டு பேரே எடுக்க மாட்டேன். "சிபியூ சைடு மூடிய கழட்டி, உள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்குற பெட்டி இருக்குல்ல, எஸ்எம்பிஎஸ், அது மேல ஒட்டிருக்குற லேபிள போட்டோ எடுத்து அனுப்பு, மானிட்டர் என்ன மாடல்னு சொல்லு, என்னென்ன கேம் ஆடுறன்னு சொல்லு" இதத்தான் கேப்பேன். பாதி பேருக்கு இதுலயே கோவம் வந்துடும், கார்டு கேட்டா இவரு என்னென்னமோ கேக்குறாருன்னு. ஆனா இந்த மூணும் தெரியாம கார்டு சொல்றது, நிலத்துக்கு தண்ணி எந்த வாய்க்கால்லேருந்து வருதுன்னு கேக்காம விதைநெல்லு வாங்கிக் குடுக்குற மாதிரி.

நான் இத கத்துக்கிட்டது காச விட்டுத்தான். 2016ல, அப்பா குறுவை நெல்லு வித்த காசுலேருந்து 6,500 ரூபா எடுத்துக் குடுத்தாரு. டவுன்ல ஒரு கடையில போய் கேம் ஆடணும்னு சொன்னேன், "4 ஜிபி கார்டு தம்பி, எல்லா கேமும் ஓடும்"னு ஜிடி 730 ஒண்ண எடுத்துக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து மாட்டி ஜிடிஏ 5 போட்டா, எல்லா செட்டிங்கையும் குறைச்சும் தெருவுல கார் திரும்புனா படம் விட்டு விட்டு வருது. திரும்ப எடுத்துட்டுப் போனா பெட்டிய பிரிச்சாச்சு, எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அந்தப் பணம் அப்பாவுக்கு எத்தன நாள் உழைப்புன்னு எனக்குத் தெரியும், அந்த வருத்தம் இன்னும் போகல, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

பெட்டி மேல போட்ட ஜிபிய நம்பாதீங்க

கொள்முதல் நிலையத்துல மூட்டைய பாத்து விலை போட மாட்டாங்க. மெஷின வச்சு ஈரப்பதம் பாப்பாங்க, 17 சதவீதத்துக்கு மேல போனா காய வச்சு எடுத்துட்டு வான்னு அனுப்பிடுவாங்க. கார்டுலயும் பெட்டி மேல பெருசா எழுதியிருக்குற 4 ஜிபி, 8 ஜிபி எல்லாம் மூட்டை மாதிரிதான், உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்.

அந்த ஜிபி, அதாவது கார்டுல இருக்குற மெமரி, குளத்தோட கொள்ளளவு மாதிரி. குளம் பெருசா இருந்து மதகு சின்னதா இருந்தா வயலுக்கு தண்ணி நேரத்துக்கு வராது. நான் வாங்குன ஜிடி 730ல 4 ஜிபி இருந்துச்சு, ஆனா அது டிடிஆர்3 மெமரி, செகண்டுக்கு 30 ஜிபி கூட கடத்தாது. 2019ல வந்த ஜிடிஎக்ஸ் 1650லயும் அதே 4 ஜிபிதான், ஆனா ஜிடிடிஆர்5 மெமரி, செகண்டுக்கு 128 ஜிபி கடத்தும். அதுபோக உள்ள கணக்கு போடுற சின்னச் சின்ன யூனிட், கோர்னு சொல்வாங்க, அந்த எண்ணிக்கையும் ரொம்ப அதிகம். பெட்டி மேல ரெண்டுலயும் 4 ஜிபின்னுதான் இருக்கும்.

ஒரே பேர்ல ரெண்டு விதமா வர்றதும் உண்டு, புதுசா வாங்கறவங்க அதிகமா மாட்டறது இங்கதான். ஜிடி 1030ல ஜிடிடிஆர்5 போட்டது செகண்டுக்கு 48 ஜிபி, டிடிஆர்4 போட்டது வெறும் 16.8 ஜிபி, பேரு மட்டும் ஒண்ணு. ஆர்டிஎக்ஸ் 3060ல 12 ஜிபி மாடல் 360 ஜிபி வேகம், பின்னாடி வந்த 8 ஜிபி மாடல் 240தான். ஆர்டிஎக்ஸ் 3050ல 8 ஜிபிக்கு 2560 கோர், 2024ல வந்த 6 ஜிபிக்கு 2304 கோர். அதனால "3060 இருக்கு வாங்கறியா"ன்னு யாராவது சொன்னா எத்தன ஜிபி, எத்தன பிட் பஸ்சுன்னு (மதகோட அகலம் மாதிரி) கேளுங்க, 3060ல 12 ஜிபின்னா 192 பிட், 8 ஜிபின்னா 128 பிட். கேட்டதுக்கு பதில் தெரியலன்னா மாடல் நம்பர எழுதிக்கிட்டு வந்து வீட்ல தேடிப் பாத்துட்டு அப்புறம் போங்க, கார்டு எங்கயும் ஓடிடாது.

இப்ப உங்க சிஸ்டத்துல எது இழுக்குதுன்னு கண்டுபிடிங்க

கார்டு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் இதுக்கு ஒதுக்குங்க. ஏற்கனவே ஒரு சின்ன கார்டோ, ப்ராசஸரோட சேர்ந்த கிராஃபிக்ஸோ இருந்தா அதுலயே நீங்க ஆடற கேம ஓட விட்டு, டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபாமன்ஸ் பக்கத்த பாருங்க. ஜிபியூ (கிராஃபிக்ஸ் சிப்) 95லேருந்து 99 சதவீதம்னு நிக்குதுன்னா கார்டுதான் திணறுது, புது கார்டு போட்டா பலன் இருக்கும். ஜிபியூ 50, 60ல சும்மா இருக்கு, ஆனா கேம் திக்குதுன்னா பிரச்சனை ப்ராசஸர்லயோ ரேம்லயோ இருக்கு. இன்னொரு சோதனை, கேம் ரெசல்யூஷன 1080பிலேருந்து 720பிக்கு குறைச்சுப் பாருங்க, எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்கு வர்ற படத்தோட எண்ணிக்கை, ஏறவே இல்லன்னா கார்டு மேல குத்தம் இல்ல.

இது ஏன் முக்கியம்னா வேலரன்ட், சிஎஸ்2 மாதிரி கேம் மட்டும் ஆடறவங்களுக்கு ப்ராசஸர்தான் முதல்ல முட்டும். அத்தை பையன் ஒருத்தன் வேலரன்ட் திக்குதுன்னு கார்டு வாங்கக் கிளம்பினான், போய் பாத்தா 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்கா போட்டிருக்கான். ப்ராசஸரோட சேர்ந்த கிராஃபிக்ஸுக்கு தனி மெமரி கிடையாது, ரேம்லேருந்துதான் எடுத்துக்கும், ஒத்தை ஸ்டிக்குன்னா பாதி வழிதான் தெறந்திருக்கும். இன்னொரு 8 ஜிபி வாங்கி பக்கத்துல சரியான ஸ்லாட்ல போட்டோம், அவ்வளவுதான், கார்டே வேண்டாம்னு ஆயிடுச்சு. ரைசன் 5 5600ஜி மாதிரி ப்ராசஸர் வச்சிருக்கவங்க இத கண்டிப்பா முதல்ல செஞ்சு பாக்கணும்.

மானிட்டர்

இது சீக்கிரம் முடிஞ்சிடும். 1080பி மானிட்டர்ல ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது ஒரு படத்துக்கு, 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளி, 1440பில 36 லட்சத்து 86 ஆயிரத்து 400, 4கேல கிட்டத்தட்ட 83 லட்சம். உங்ககிட்ட 1080பி இருக்குன்னா 1080பிக்கான கார்டு போதும். அதே மாதிரி 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் செகண்டுக்கு 75 படம்தான் காட்டும், கார்டு 140 குடுத்தாலும் கண்ணுக்கு 75தான். மானிட்டர மாத்துற எண்ணம் அடுத்த ஒரு வருஷத்துல இல்லன்னா அதுக்கு மேல வர்ற ஃப்ரேமுக்கு காசு குடுக்காதீங்க.

எஸ்எம்பிஎஸ், இங்கதான் நிதானமா நிக்கணும்

நம்ம பக்கம் அசெம்பிள் பண்ற நிறைய சிஸ்டத்துல கேபினெட்டோட சேத்து வர்ற எஸ்எம்பிஎஸ்தான் இருக்கும், மேல பெருசா 450 வாட்னு எழுதியிருக்கும். அத படிக்காதீங்க. கீழ ஒரு கட்டம் போட்டு +3.3வி, +5வி, +12வின்னு வரிசையா ஆம்பியர் குடுத்திருப்பாங்க, அதுல +12விக்கு நேரா என்ன இருக்குன்னு பாருங்க. போன வருஷம் சித்தி பையன் அனுப்புன போட்டோவுல 450 வாட்னு போட்டு 12விக்கு நேரா 16 ஆம்பியர்னு இருந்துச்சு. 12ஐ 16ஆல பெருக்குங்க, 192 வாட். கார்டும் ப்ராசஸரும் சாப்பிடுறது இந்த 12 வோல்ட்லேருந்துதான். ப்ராசஸருக்கு 65 போச்சு, ஃபேன், டிஸ்க், போர்டுன்னு ஒரு 35, 40 போச்சு, மிச்சம் 90 வாட் பக்கம்தான் தேறும். அவன் வாங்க நினைச்ச ஆர்எக்ஸ் 6600க்கு மட்டுமே 132 வாட் வேணும். அதுவும் அந்த மாதிரி லேபிள்ல போட்டிருக்குற 16 ஆம்பியரே முழுசா வரும்னு நான் நம்ப மாட்டேன். நேர்மையான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ல 12விக்கு நேரா 36 ஆம்பியர் பக்கம் இருக்கும், அதாவது 430 வாட்.

அடுத்து ஒயர். மதர்போர்டு ஸ்லாட் வழியா கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் வரும். 6 பின் கனெக்டர் இன்னொரு 75, 8 பின் கனெக்டர் 150. உங்க எஸ்எம்பிஎஸ்ல 6+2ன்னு பிரியுற ஒயர் இருக்கான்னு பாருங்க, அது இல்லாம ப்ராசஸருக்குப் போற 4+4 ஒயர கார்டுல திணிக்காதீங்க, பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா உள்ள பிளஸ் மைனஸ் இடம் வேற. பழைய டிஸ்க் கனெக்டர்லேருந்து 6 பின்னா மாத்துற கன்வெர்ட்டர் 100, 150 ரூபாய்க்கு கிடைக்குது, அத வாங்கிடாதீங்க, அந்த மெல்லிசு ஒயர் சூடாகி உருகி நான் கையில புடிச்சு பாத்திருக்கேன்.

எஸ்எம்பிஎஸ் மாத்த காசு இல்லன்னா தனி பவர் ஒயர் வேண்டாத கார்டு இருக்கு, ஜிடிஎக்ஸ் 1650ல சில மாடல், அப்புறம் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, இது 70 வாட்தான். ஆஃபீஸ்லேருந்து கழிச்சுக் குடுத்த டெல், எச்பி குட்டி சிஸ்டம் வாங்கி வச்சிருக்கவங்களுக்கு பெரும்பாலும் வேற வழியே இல்ல, அதுல எஸ்எம்பிஎஸ்ஸ மாத்த முடியாது, கார்டும் உயரம் கம்மியான லோ ப்ரொஃபைல் மாடலாதான் வேணும்.

கரண்டும் எர்த்தும்

மேட்டூர் தெறந்தாலும் தெறக்காட்டியும் போர்செட்டு ஓடற ஊர் நம்ம ஊர். சாயங்காலம் சுத்தி இருக்குற மோட்டார் எல்லாம் ஒண்ணா ஓடும்போது அதே டிரான்ஸ்ஃபார்மர்ல இருக்குற வீட்ல வோல்டேஜ் எவ்வளவு எறங்குதுன்னு லைட்ட பாத்தாலே தெரியும். நல்ல எஸ்எம்பிஎஸ் லேபிள்ல இன்புட்னு போட்டு 100-240வின்னு இருக்கும், அது 160, 170க்கு எறங்குனாலும் தாங்கும். பின்னாடி 115, 230ன்னு சின்ன செவப்பு சுவிட்ச் வச்ச பழைய மாடல் தாங்காது, கேம் நடுவுல சிஸ்டம் ஆஃப் ஆகி மறுபடி ஆன் ஆகும், கார்டு போச்சுன்னு நீங்க பயந்துக்குவீங்க.

எர்த் பத்தி யாரும் சொல்றதே இல்ல. பாபநாசம் பக்கம் அத்தை வீட்டுக்கு கார்டு மாட்டப் போயிருந்தேன், சிமெண்ட் தரையில வெறுங்காலோட நின்னு கேபினெட் பின்னாடி ஸ்க்ரூவ தொட்டதும் விரல்ல ஜிவ்வுன்னு ஒரு உறுத்தல். அத்தை, "அது எப்பவும் அப்டித்தாம்ப்பா, செருப்பு போட்டுக்கிட்டு தொடு"ன்னாங்க. அப்டி விடக்கூடாது. எஸ்எம்பிஎஸ்க்குள்ள இருக்குற ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா கசியுற கரண்ட் மண்ணுக்குப் போக வழி இல்லாம கேபினெட்ல நிக்குதுன்னு அர்த்தம். சுவிட்ச் போர்டு மூணாவது ஓட்டையில எர்த் ஒயரே மாட்டல. எலக்ட்ரீஷியன கூப்பிட்டு எர்த் இழுத்து வச்ச பிறகுதான் நான் கார்டையே பெட்டியிலேருந்து எடுத்தேன். அந்தச் செலவும் கார்டு விலையில சேந்ததுதான்னு வச்சுக்குங்க. உங்க வீட்லயும் உறுத்துதுன்னா முதல் வேலை இதுதான். ஐப்பசி கார்த்திகையில இடி இடிச்சா பிளக்க புடுங்கிடுங்க, நெட் ஒயரையும் சேத்து.

வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா சைன் வேவான்னு பாருங்க, யூபிஎஸ் மோடுக்கு மாத்துற சுவிட்ச் பின்னாடி இருந்தா அதப் போட்டுக்கங்க. தனி யூபிஎஸ்னா 600 விஏன்னு போட்டிருக்குறது பொதுவா 360 வாட்தான், கேம சேவ் பண்ணி மூடுறதுக்கு அது போதும், கரண்ட் இல்லாதப்ப ஆடறதுக்கு இல்ல.

இப்ப கணக்கு

விலை வாரா வாரம் மாறுது, அதனால முறைய மட்டும் சொல்றேன், அன்னிக்கு இருக்குற விலைய நீங்க போட்டுக்குங்க. கார்டு ஏ 20,000, நீங்க ஆடற கேம்ல 1080பில 80 ஃப்ரேம் குடுக்குதுன்னு வைங்க. ஒரு ஃப்ரேம் 250 ரூபா. கார்டு பி 27,000, 100 ஃப்ரேம், ஒரு ஃப்ரேம் 270. பாத்தா பெரிய வித்தியாசம் இல்ல, இன்னும் 7,000 போட்டு பி வாங்கிடலாம்னு மனசு சொல்லும். ஆனா பிக்கு 4,500 ரூபாய்ல எஸ்எம்பிஎஸ் மாத்தணும், ஏக்கு இருக்குறதே போதும்னா, பி 31,500 ஆயிடுச்சு, ஃப்ரேமுக்கு 315. உங்க மானிட்டர் 75 ஹெர்ட்ஸா? அப்ப ரெண்டையும் 75ஆல வகுங்க, ஏ சுமார் 267, பி 420. இதத்தான் நான் ஆரம்பத்துலேருந்து சொல்றேன், கார்டு விலைன்னா உங்க ரூம்ல அது ஒழுங்கா ஓடுறதுக்கு ஆகுற மொத்த செலவு.

ஃப்ரேம் கணக்கு பாக்க யூடியூப்ல உங்க ப்ராசஸரும் அந்த கார்டும் சேந்த வீடியோவ தேடுங்க. புது ஹை எண்ட் ப்ராசஸர்ல எடுத்த நம்பர் உங்க பழைய ஐ5ல வராது. ஆவரேஜ மட்டும் பாக்காம 1 சதவீத லோன்னு ஒரு நம்பர் போடுவாங்க, ரொம்ப திக்குற நேரத்துல வர்ற ஃப்ரேம் அது, அதையும் பாருங்க, ஆவரேஜ் 90 இருந்து லோ 30 இருந்தா கையில திக்குறது தெரியும்.

கரண்ட் பில்லும் கொஞ்சம் பாத்துக்குங்க. ஆர்எக்ஸ் 580 185 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட், வித்தியாசம் 70. தினம் 3 மணி நேரம் ஆடினா ரெண்டு மாசத்துக்கு 12.6 யூனிட். பெரிய தொகை இல்ல, ஆனா ஸ்லாப் விளிம்புல இருக்குற வீட்ல அப்பா கேள்வி கேப்பாரு.

சரி, எந்த கார்டு

நான் சொல்றது 1080பி ஆடற, முதல் தடவையா வாங்கற ஆளுக்கு. ஏஎம்டியோட ஆர்எக்ஸ் 6600 இன்னும் நல்ல கார்டு, 2021ல வந்தது, 8 ஜிபி, கரண்ட் கம்மி, ஒரே ஒரு 8 பின், நல்ல விலைக்கு கிடைச்சா யோசிக்காம எடுக்கலாம். வீடியோ எடிட்டிங், பிளெண்டர் எல்லாம் சேத்து பண்றவங்களுக்கு என்விடியா (ஜிடிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ் போடற கம்பெனி) பக்கம் போறது நல்லது, பழசுல ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி இன்னிக்கும் கைகொடுக்கும், 170 வாட் வேணும் அவ்வளவுதான். புதுசா வாங்க இன்னும் கொஞ்சம் காசு இருந்தா 2025ல வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி என் கணக்குல நாலஞ்சு வருஷம் இழுக்கும். அதுலயே 8 ஜிபி மாடலும் இருக்கு, ஆர்டிஎக்ஸ் 5060யும் 8 ஜிபிதான், வேகம் நல்லாதான் இருக்கு, ஆனா புது கேம்ல டெக்ஸ்சர (பொருள் மேல வர்ற படத்தோட தரம்) உயர்த்தி வச்சா 8 ஜிபி நெறைஞ்சுடுது, குளம் நெறைஞ்ச பிறகு வர்ற தண்ணி வெளியதான் போகும். அந்த விலைக்கு 8 ஜிபி வாங்குறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

இன்டெல் ஆர்க் பி580, 12 ஜிபி, விலைக்கு நல்ல சரக்கு, ஆனா எல்லாருக்கும் கிடையாது. அதுக்கு பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங் பக்கம்) ரீசைசபிள் பார்னு, ப்ராசஸர் கார்டு மெமரி முழுசையும் ஒண்ணா எட்ட விடுற ஒரு செட்டிங் ஆன் ஆகியே தீரணும், பழைய போர்டுல அது இருக்காது, ப்ராசஸர் பழசா இருந்தாலும் ரொம்ப வேகம் குறையும். ரைசன் 5 5600க்கு கீழ வச்சிருக்கவங்க இத விட்ருங்க.

விட வேண்டியதுல முக்கியமானது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. பேரு பெருசா இருக்கும், 4 ஜிபி, ஸ்லாட்ல வெறும் 4 லேன்தான் (டேட்டா போற வழி) பயன்படுத்தும், இன்டெல் 10வது ஜெனரேஷனோ அதுக்கு முன்னாடியோ இருக்குற போர்டுல அந்த வழியும் மெதுவு, அதுல போட்டா வேகம் இன்னும் விழும், வீடியோ ரெக்கார்டு பண்ற என்கோடரும் அதுல இல்ல. அப்புறம் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 எல்லாம் பழசுல சீப்பா வருது, ஆனா 10 சீரிஸுக்கு புது கேமுக்கான டிரைவர 2025 அக்டோபரோட என்விடியா நிறுத்திடுச்சு, 2028 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான் வரும். பழைய கேம் மட்டும் ஆடறவங்க ரொம்ப சீப்பா கிடைச்சா வாங்கிக்கலாம். இன்னொண்ணு, 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், 2025ல வந்த டூம் கேம், இந்த ரெண்டு கேமுக்கும் ரே ட்ரேசிங் (வெளிச்சம், நிழல நிஜமா கணக்கு போடுறது) ஹார்டுவேர் இருக்குற கார்டு கட்டாயம், ஜிடிஎக்ஸ் 1660 எல்லாம் அங்கயே நின்னுடும். இனிமே வர்றது இந்த வழியிலதான் போகுது.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் இதெல்லாம் நல்ல விஷயம், கம்மி ரெசல்யூஷன்ல வரைஞ்சு பெருசாக்கி காட்டும், பயன்படுத்துங்க. ஆனா ஃப்ரேம் ஜெனரேஷன்னு காட்டுற நம்பர வச்சு கணக்கு போடாதீங்க, அது நடுவுல ஒரு படத்த தானா உருவாக்கி செருகுது, அடிப்படையா 25 ஃப்ரேம் வர்ற கேம் நம்பர்ல 50 காட்டும், மவுஸ அசைச்சா கை பாரமாதான் இருக்கும்.

பழைய கார்டு வாங்கறதா இருந்தா

2022 செப்டம்பர் 15 அன்னிக்கு எத்தீரியம்ங்கிற கிரிப்டோ காசு, கார்டு வச்சு மைனிங் பண்ற (கணக்கு போட்டு அந்தக் காச சம்பாதிக்கிற) முறைய விட்டுச்சு, அதுக்கப்புறம் மைனிங்ல ராத்திரி பகலா ஓடின கார்டெல்லாம் பழைய சந்தைக்கு வந்துருச்சு. மைனிங்ல ஓடினதாலயே கார்டு கெட்டதுன்னு கிடையாது, ஆனா பாக்காம வாங்கக் கூடாது. நேர்ல போங்க, அவங்க சிஸ்டத்துலயே ஓடிக்கிட்டு இருக்கும்போது பாருங்க, கழட்டி கவர்ல போட்டு பஸ் ஸ்டாண்டுல வச்சு குடுக்குறேன்னா வேண்டாம்னு வந்துடுங்க.

திருவாரூர் பக்கம் ஒரு தம்பி ஆர்எக்ஸ் 580 8 ஜிபி விக்குறான்னு நானும் சித்தி பையனும் போனோம். நல்ல பையன், காப்பி எல்லாம் குடுத்தாங்க. முதல்ல ஆஃப் பண்ணச் சொல்லிட்டு ஃபேன விரலால மெதுவா சுத்திப் பாத்தேன், ஒண்ணு வழுக்கிக்கிட்டு சுத்துது, இன்னொண்ணு அரை சுத்துல நிக்குது, பேரிங் போகுது. டார்ச் அடிச்சு பின்பக்க ஸ்க்ரூவ பாத்தா நாலுல ஒண்ணுல தலை தேஞ்சிருக்கு, யாரோ தெறந்திருக்காங்க. அப்புறம் ஆன் பண்ணி, கார்டோட விவரம் காட்டுற ஜிபியூ-இசட்ட ஓட்டினோம். ஷேடர்னு போட்ட கட்டத்துல (கோர் எண்ணிக்கைதான் அது) 2048ன்னு வருது. உண்மையான 580க்கு 2304 வரணும். 2048 எஸ்பின்னு ஒரு வகை இருக்கு, உள்ள 570தான், பேரு மட்டும் 580. அந்தத் தம்பிக்கே அது தெரியாது, அவன் ஆன்லைன்ல 580ன்னு நம்பி வாங்கியிருக்கான், முகமே மாறிடுச்சு. அவன்கிட்ட ஃபேன மாத்த வழி சொல்லிட்டு வாங்காம வந்தோம்.

ஜிபியூ-இசட் சின்ன இலவச சாஃப்ட்வேர், பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போங்க. பழைய கார்டுல பயாஸ மாத்தி 1050 டிஐன்னு விக்குற போலி என்விடியா கார்டெல்லாம் அதுல ஃபேக்னு பேருக்கு முன்னாடியே காட்டிடும். அடுத்து கார்ட முழு லோடுல ஓட்டுற ஃபர்மார்க் சாஃப்ட்வேர ஒரு 15 நிமிஷம் ஓட விட்டு டெம்பரேச்சர பாருங்க, 85 டிகிரிக்கு மேல ஏறிக்கிட்டே போனா சிப்பு மேல சூடு கடத்துறதுக்கு தடவுற பேஸ்ட் காஞ்சிருக்கலாம். திரையில கலர் புள்ளியோ கோடோ கட்டமோ வந்தா மெமரி போகுது, எவ்வளவு குறைச்சாலும் வாங்காதீங்க. நாகப்பட்டினம், காரைக்கால், வேதாரண்யம்னு கடலோர ஊர்ல வாங்கினா கார்டு பின்னாடி இருக்குற தகடையும் எச்டிஎம்ஐ ஓட்டையையும் உத்துப் பாருங்க, உப்புக்காத்து பட்டு வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா உள்ளயும் அதேதான். கடைசியா கார்டுல ஒட்டின சீரியல் நம்பரும் பில்லுல இருக்குறதும் ஒண்ணான்னு பாத்துட்டு பணத்த எடுங்க.

புதுசுன்னா மன்னை எக்ஸ்பிரஸ், உழவன்னு ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போறவங்க, ஜிஎஸ்டி பில்லு வேண்டாம் 18 சதவீதம் குறையும்னு சொன்னா சரின்னு தலையாட்டாதீங்க, அந்தப் பில்லு இல்லன்னா வாரண்டிக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. பொதுவா 3 வருஷ வாரண்டி, அத விட்டுக் குடுத்தா அந்தக் குறைச்ச விலைக்கு அர்த்தமே இல்ல.

மாட்டுறதும் பாத்துக்குறதும்

கேபினெட்டுக்குள்ள இடம் இருக்கான்னு இன்ச் டேப் வச்சு வாங்கறதுக்கு முன்னாடியே அளந்துக்குங்க, ஸ்லாட் பக்க தகடுலேருந்து முன்பக்க ஃபேன் வரைக்கும். பிளக்க புடுங்கிட்டு, பவர் பட்டன ஒரு தடவை அமுக்கி மிச்ச கரண்ட எறக்கிட்டு, கேபினெட் இரும்ப தொட்டுட்டு மாட்டுங்க. ஸ்லாட் ஓரத்துல கிளிப் டிக்னு விழணும். மானிட்டர் ஒயர கார்டுல மாட்டுங்க, பழைய இடத்துல போர்டுலயே விட்டுட்டு "அண்ணே கார்டு போட்டும் ஒண்ணும் மாறல"ன்னு ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணவங்க நாலு பேர் இருக்காங்க.

கத்திரி வெயில்ல ரூமே 38, 39 டிகிரி இருக்கும், ரூம் எவ்வளவு ஏறுதோ அவ்வளவு கார்டும் ஏறும். டிரைவர்லயே எஃப்பிஎஸ் லிமிட்னு இருக்கு, மானிட்டர் ஹெர்ட்ஸ் அளவுக்கு கட்டிடுங்க, சூடும் சத்தமும் நல்லா குறையும்.

அறுப்பு மெஷின் தெருவுல ஓடி முடிஞ்சதும் கேபினெட்ட தெறந்து பாருங்க. சூட்ட வெளியேத்துற ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவுல நெல்லு சொணை, பதர் தூசி எல்லாம் கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும், எங்க வீட்டுது தெறந்தப்ப ஒரு ஓரம் முழுக்க அடைச்சுக்கிட்டு வெளிச்சமே தெரியல. பெயிண்ட் அடிக்குற புது பிரஷ் வச்சு தட்டி எடுங்க. ப்ளோயர் வச்சு அடிச்சா ஃபேன விரலால புடிச்சுக்குங்க, காத்துல அது கண்டபடி சுத்தினா பேரிங் போயிடும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை, சம்பா அறுப்புக்கு அப்புறம் ஒண்ணு, குறுவை அறுப்புக்கு அப்புறம் ஒண்ணு.

கார்டு வந்த அட்டைப்பெட்டியையும் உள்ள இருக்குற பளபள கவரையும் பரண்ல போட்டு வைங்க, வாரண்டிக்கு அனுப்புறப்ப அது வேணும், பில்ல மட்டும் அன்னிக்கே போட்டோ எடுத்து வச்சுக்குங்க, மை ஒரு வருஷத்துல அழிஞ்சு போயிடுது.